வாயு மிகுந்த குள்ள விண்மீன் திரள்கள்: கவனிப்போருக்குச் சில குறிப்புகள்

புனே அருகே கோடாடில் உள்ள ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியில் இந்த மங்கலான திரள்களைப் பார்க்க நேரம் கேட்டு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்காக எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

• வாயுவிலிருந்து தொடங்குங்கள். ஹைட்ரஜன் அணு 1420.4 மெகாஹெர்ட்ஸில், அதாவது 21 செ.மீ. அலைநீளத்தில் உமிழ்கிறது. 2013இல் அறிவிக்கப்பட்ட லியோ பி என்ற குள்ளத் திரள் முதலில் சிக்கியது அரசிபோவின் 305 மீட்டர் டிஷ்ஷில்தான். அதன் சொற்ப விண்மீன்களைப் பிறகே ஆராய்ந்தார்கள்.

• அலைவரிசைக் கூறுகளைக் குறுகலாக வையுங்கள். லியோ பியின் ஹைட்ரஜன் கோட்டின் அகலமே நொடிக்கு சுமார் 24 கி.மீ. கூறு ஒவ்வொன்றும் நொடிக்கு 10 கி.மீ. அகலம் என்றால் இரண்டு மூன்று புள்ளிகள்தான் மிஞ்சும், சுழற்சி தெரியாது. நொடிக்கு 2 கி.மீ.க்குள், அதாவது 9 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கட்டும்.

• ஒரே தரவிலிருந்து பல நுணுக்கங்களில் படம் எடுங்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். ஜிஎம்ஆர்டியின் 30 டிஷ்களில் 14 நடுவே நெருங்கி நிற்கின்றன. மற்றவை 25 கி.மீ. வரை விரிகின்றன. தொலைவான ஜோடிகள் நுட்பமான விவரத்தைத் தரும். பரந்து மெலிந்த வாயு நெருங்கிய ஜோடிகளுக்கு மட்டுமே அகப்படும். கூர்மையான படம் ஒன்றோடு நிறுத்தினால் வெளிப்புற வாயு முழுக்கக் காணாமல் போகும். 2005இல் ஆயிஷா பேகம், ஜெயராம் செங்கலூர் குழு என்ஜிசி 3741 என்ற குள்ளத் திரளை ஜிஎம்ஆர்டியில் பார்த்தபோது, வாயுத் தட்டு ஒளியில் தெரியும் ஆரத்தைப்போல் 8 மடங்குக்கும் மேல் விரிந்திருந்தது. அவ்வளவு தொலைவில் விண்மீன்கள் இல்லை. அங்கே இருள்பொருள் எவ்வளவு என்பதை வாயு சுழலும் வேகம்தான் சொல்கிறது.

• அளவீட்டைச் சரிபார்க்க 3சி 48, 3சி 147, 3சி 286 போன்ற மூலம் ஒன்றையும் பாருங்கள்.

செய்யக்கூடாதவை

• டிஷ்கள் பக்கம் மொபைலை இயக்காதீர்கள்.

• பால்வெளியின் வாயுவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். லியோ டி என்ற குள்ளத் திரள் நம்மிடமிருந்து விலகும் வேகம் நொடிக்கு 40 கி.மீ.க்கும் குறைவு, பால்வெளி வாயுவும் ஏறத்தாழ அதே வேகங்களில்தான் தென்படும்.

• ஒரே நாளில் தெரிந்த கூர்முனையை நம்பாதீர்கள். சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள். வானத்துச் சமிக்ஞை என்றால் பூமியின் ஓட்டத்தால் அதிர்வெண் நகர்ந்திருக்கும். செயற்கைக்கோள் குறுக்கீடு பெரும்பாலும் இருந்த இடத்திலேயே நிற்கும்.

• விண்மீன் தெரியவில்லை என்பதற்காக “இருண்ட திரள்” என்று அறிவித்துவிடாதீர்கள். 2005இல் விர்கோஹெச்ஐ21 என்ற வாயு மேகம் அப்படித்தான் பேசப்பட்டது. 2007இல் அரசிபோ தரவு அந்தப் பகுதியை அகலமாகக் காட்டியபோது, அது என்ஜிசி 4254 என்ற திரளிலிருந்து இழுபட்ட நீண்ட வாயு வாலின் ஒரு பகுதி என்று தெரிந்தது. அக்கம்பக்கத்துத் திரள்களையும், அவற்றுக்கு இடையே வேகம் தொடர்ச்சியாக மாறுகிறதா என்பதையும் முதலில் பாருங்கள்.

• எதுவும் கிடைக்காத தரவைத் தூக்கி எறியாதீர்கள். வாயு அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்ற வரம்பைக் கணக்கிட்டு, எடுத்துக்கொண்ட தூரத்தோடும் கோட்டகலத்தோடும் சேர்த்து வெளியிடுங்கள்.