காத்திருப்பின் காரணம் அறிதல்

நுழையும்முன்

மனிதர் எழுதும் மூலநிரலைக் கணினி இயக்கும் வடிவிற்கு மாற்றி ஒன்றிணைப்பது மென்பொருள் கட்டுமானம். விரைவில் முடிய வேண்டிய இப்பணி நெடுநேரம் நீளும்போது, புதிய கணினி வாங்குவதே தீர்வு எனச் சிலர் கருதுவர். அது நாடி பாராமல் மருந்து கொடுப்பதைப் போன்றது. காரணத்தை அளந்தறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

'மேக்' காட்டும் முதற்சோதனை

1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்னும் கருவியை உருவாக்கினார். உடன் பணியாற்றிய ஒருவர் நிரலின் பிழையைத் திருத்தியிருந்தார். ஆனால், அக்கோப்பு மீண்டும் பெயர்க்கப்படவில்லை. அதை அறியாமல், சரியான நிரலில் பிழையைத் தேடி ஒரு காலைப்பொழுதையே அவர் இழந்தார். அந்நிகழ்வே இக்கருவிக்குத் தூண்டுதலாயிற்று.

மேக், கோப்புகள் இறுதியாக மாற்றப்பட்ட நேரங்களை ஒப்பிடும்; மாறியவற்றையும் அவற்றைச் சார்ந்தவற்றையும் மட்டுமே மீண்டும் உருவாக்கும். எனவே, எதையும் மாற்றாமல் அதனை இரண்டாம் முறை இயக்குவதே முதற்சோதனை. அப்போதும் நிரல்பெயர்ப்பி முன்போலவே இயங்கினால், கோப்புகளின் சார்புகள் தவறாக எழுதப்பட்டுள்ளன எனக் கொள்ளலாம்.

மூன்று நேரங்கள்

யுனிக்ஸ் வகைச் சூழல்களில் உள்ள 'டைம்' கட்டளை மூன்று அளவுகளைத் தரும். கடிகாரம் காட்டும் மெய்நேரம் ஒன்று. நிரலின் கணக்கீட்டிற்கு மையச்செயலகம் செலவிட்ட பயனர் நேரம் மற்றொன்று. இயங்குதளத்தின் பணிகளுக்குச் செலவான அமைப்பு நேரம் மூன்றாவது.

பணிகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் ஒரு கட்டுமானத்தின் மெய்நேரம் 600 நொடி, பயனர் நேரம் 150 நொடி, அமைப்பு நேரம் 90 நொடி எனக் கொள்வோம். மையச்செயலகம் அப்பணிக்காக உழைத்தது 240 நொடி மட்டுமே. எஞ்சிய 360 நொடியும் காத்திருப்பு. இந்நிலையில் வேகமான மையச்செயலகத்தால் பெரும்பயன் விளையாது. வட்டு, வலையமைப்பு, நச்சுநிரல் தடுப்பான் ஆகியவற்றையே ஆராய வேண்டும். பயனர் நேரம் மிகுந்திருந்தால், பணிகளைப் பகிர்ந்து ஒரே நேரத்தில் இயக்குவது பயன்தரும்.

சூழலும் காரணமாகலாம்

விண்டோஸ் கணினியில் யுனிக்ஸ் போன்ற சூழலைத் தருவது 'சிக்வின்'. யுனிக்ஸ் மரபில் ஒரு செயல்முறை தன்னைப் போன்ற மற்றொன்றை 'ஃபோர்க்' என்னும் அழைப்பால் தோற்றுவிக்கும். லினக்ஸில் இருவரும் நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு, மாறும் பகுதியை மட்டுமே நகலெடுப்பதால் இது விரைவாக முடிகிறது. சிக்வினோ புதிய செயல்முறையைத் தொடங்கி, தாய்ச் செயல்முறையின் நினைவகத்தை அதில் நகலெடுக்க வேண்டியுள்ளது. நூற்றுக்கணக்கான சிறு கட்டளைகளை அழைக்கும் கட்டுமானத்தில் இச்சிறு தாமதங்கள் பெருகுகின்றன. அங்கே குறை நிரலிலும் இல்லை, கணினியிலும் இல்லை.

தெரிந்து தெளிவோம்

மேக் கருவியை உருவாக்கியமைக்காக 2003ஆம் ஆண்டிற்கான ஏ.சி.எம். மென்பொருள் அமைப்பு விருது ஃபெல்ட்மனுக்கு வழங்கப்பட்டது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மீண்டும் அளந்து, முன்னைய அளவோடு ஒப்பிடுதல் வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால் எது பயன் தந்தது என்பது விளங்காது. அளந்தறிந்து செய்யும் சிறு திருத்தம், அளக்காமல் செய்யும் பெருஞ்செலவினும் சிறந்தது.