இரைக்கு ஊட்டும் சத்து

கோமாளி மீன் கடற்சாமந்தியின் நடுவே வாழும் சிறு மீன். கடல்நீர்த் தொட்டிகளில் வளர்ப்பதற்காக இதனைக் கடலிலிருந்து பிடிப்பதைக் குறைக்க, பண்ணைகளிலேயே குஞ்சு பொரிக்கச் செய்கின்றனர். ஆயினும், அக்குஞ்சுகளைக் காப்பது எளிதன்று. வயிறு நிரம்ப உண்டும் அவை மடிவதுண்டு. உணவில் சத்துக் குறைவதும் அதற்கு ஒரு காரணம்.

சில நாள்கள் வளர்ந்த குஞ்சுகளுக்கு, உப்பளங்களில் வாழும் ஆர்ட்டீமியா என்னும் சிற்றுயிரின் இளவுயிரிகளை உணவாக இடுவர். ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களுள் ஒன்றான டி.எச்.ஏ. இவற்றில் மிகக் குறைவு. பெரும்பாலான கடல்மீன்களால் அதனைத் தம் உடலில் போதிய அளவு உருவாக்கிக்கொள்ள இயலாது.

ஆகவே, முதலில் ஆர்ட்டீமியாவிற்குச் சத்தூட்டுகின்றனர். பொரித்தவுடன் அது உண்பதில்லை. ஏறத்தாழ 8 மணி நேரத்திற்குப் பின் தோலுரித்து உண்ணத் தொடங்கும். அப்போது டி.எச்.ஏ. மிகுந்த நுண்பாசியையோ மீனெண்ணெய்க் கலவையையோ நீரில் சேர்ப்பர். அதனை உண்ட ஆர்ட்டீமியாவைக் காலம் தாழ்த்தாது குஞ்சுகளுக்கு இடுவர். தாழ்த்தினால் அச்சத்துக் குறைந்துவிடும். இவ்வாறு இரைக்கு ஊட்டிய சத்தே மீன்குஞ்சைச் சென்றடைகிறது.

விடையளிக்க:
1. வயிறு நிரம்ப உண்டும் குஞ்சுகள் மடிவது ஏன்?
2. ஆர்ட்டீமியாவிற்குப் பொரித்தவுடன் சத்தூட்ட இயலாதது ஏன்?