பேசும் படங்கள்

நுழையும்முன்

உள்ளத்தில் தோன்றுவதை வாயால் உரைக்க எல்லாராலும் இயலுவதில்லை. அவ்வாறு இயலாதவர்களும் தம் கருத்தைப் பிறருக்கு உணர்த்தும் வழிகளை இப்பாடத்தில் அறிவோம்.

பாடம்

வளரும் மூளையில் ஏற்படும் பாதிப்பால் உடலசைவைக் கட்டுப்படுத்த இயலாத நிலையே பெருமூளை வாதம் எனப்படும். நாவும் உதடுகளும் தசைகளால் இயங்குவன. எனவே, இந்நிலையுற்றோர் சிலருக்குப் பேச்சு தெளிவாக வருவதில்லை. சிலருக்குப் பேச்சே வருவதில்லை. ஆயினும், பேச இயலாமை அறிவின்மை ஆகாது. இவ்வேறுபாட்டைச் சூழ்ந்திருப்போர் உணராவிடில் அவர்களுடைய வலியும் பசியும் அச்சமும் பிறர் அறியாமலே போய்விடும்.

கொல்கத்தாவில் இந்தியப் பெருமூளை வாத நிறுவனம் 1974ஆம் ஆண்டு தோன்றியது. அதனைத் தொடங்குவதில் முன்னின்றவர் சுதா கௌல். தாராதலா சாலையில் அமைந்துள்ள இந்நிறுவனம், கல்வியோடும் சிகிச்சையோடும் பேச்சுக்கு மாற்றான தொடர்பு முறைகளையும் கற்பிக்கிறது.

அம்முறைகளுள் எளியது தொடர்பு அட்டை. உணவு, நீர், வலி, உறவினர் முதலியவற்றைக் குறிக்கும் படங்கள் அதில் வரிசையாக இருக்கும். கையை அசைக்க இயன்றவர் வேண்டிய படத்தைத் தொட்டுக் காட்டுவார். இயலாதவர்க்குச் செவிலியரே படங்களை ஒவ்வொன்றாகச் சுட்டுவார். உரிய படம் வந்ததும் அவர் கண்ணிமைத்து உணர்த்துவார்.

கணினியும் இப்பணிக்குத் துணைநிற்கிறது. கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய 'சன்யோக்' என்னும் மென்பொருள், தேர்ந்தெடுக்கும் படங்களை இந்திய மொழி வாக்கியங்களாக மாற்றித் தருகிறது. சென்னையில் உருவான 'ஆவாஸ்' கருவி, தேர்ந்தெடுத்த படங்களுக்குரிய சொற்களை ஒலித்துக் காட்டுகிறது.

கருவி மட்டும் போதாது. கேட்போரின் பொறுமையும் வேண்டும். செவிலியர் நோயாளரின் கண்ணுக்கு நேராக அமர்தல் வேண்டும். 'ஆம்', 'இல்லை' என்பவற்றுக்கு அவர் காட்டும் குறிப்புகளை முதலில் அறிதல் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வினாவையே கேட்டு, விடை வரும்வரை காத்திருத்தல் வேண்டும். அருகிலிருப்பவரிடம் கேளாமல் நோயாளரிடமே கேட்டல் வேண்டும். அட்டையை எட்டாத இடத்தில் வைப்பது அவர் வாயை மூடுவதற்கு ஒப்பாகும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சுக்குத் துணையாகவும் மாற்றாகவும் அமையும் இம்முறைகளையும் 'தொடர்பு' என்னும் சொல்லின் பொருளில் சேர்த்துள்ளது. ஆதலின், இவ்வாறு வரும் செய்திக்குச் செவிசாய்ப்பது இரக்கச் செயலன்று, கடமையாகும்.

சொல்லும் பொருளும்

சுட்டுதல் – குறித்துக் காட்டுதல்
ஒப்பாகும் – நிகராகும்
செவிசாய்த்தல் – அக்கறையுடன் கேட்டல்

பயிற்சி

1. 'பேச இயலாமை அறிவின்மை ஆகாது' – காரணம் கூறி விளக்குக.
2. கையசைக்க இயலாதவர் தொடர்பு அட்டையை எவ்வாறு பயன்படுத்துவார்?
3. "தலை வலிக்கிறதா, தாகமா, சன்னலைத் திறக்கவா?" – கண்ணிமைத்து மட்டுமே விடைதரும் ஒருவர்க்கு ஏற்றவாறு இதனை மூன்று தனி வினாக்களாக மாற்றி எழுதுக.
4. உம் வகுப்பில் பேச இயலாத மாணவர் ஒருவர் சேர்ந்தால், அவருக்கான தொடர்பு அட்டையில் இடம்பெறவேண்டிய பத்துச் சொற்களை அவரிடம் எவ்வாறு கேட்டறிவீர்?