லட்சுமியின் நம்பரை மாற்றுவது எப்படி?

2004 டிசம்பர் 26 காலை. கடல் பொங்குகிறது என்று சிங்கப்பூரிலிருந்து வந்த போன் தகவலை, புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு மீனவர் கிராமத்தின் தகவல் மையத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊர் மக்கள் மேட்டுக்கு ஓடித் தப்பித்தார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் வில்லியனூரை மையமாக வைத்துத் தொடங்கிய திட்டத்தில் அமைந்த மையம் அது.

ஒலிபெருக்கிக்குப் பெயர்ப் பட்டியல் தேவையில்லை. கைபேசிக்குத் தேவை. மழை எச்சரிக்கையோ கோமாரி ஊசி முகாம் அறிவிப்போ, எண் மாறியவருக்குப் போய்ச் சேராது. பயன்பாடு இல்லாமல் துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாட்களுக்குப் பிறகு வேறொருவருக்கு ஒதுக்கலாம் என்பதால், பாகூர் விவசாயிக்கு அனுப்பிய செய்தி முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் போனில் ஒலிக்கவும் கூடும். அதனால் பால் சங்கமோ உழவர் குழுவோ, சந்தாதாரர் பட்டியலை அவ்வப்போது திருத்தியே ஆக வேண்டும்.

இந்த வேலையை இப்போது ஏஐ ஏஜென்டிடம் விடலாம். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி போன்ற பொது நெறிமுறைகள் வழியாக, பட்டியலை வைத்திருக்கும் மென்பொருள் ‘சந்தாதாரரைத் தேடு’, ‘சந்தாதாரரைத் திருத்து’ என்று சில கருவிகளை ஏஜென்டுக்குத் திறந்துவிடுகிறது. “கரையாம்புத்தூர் லட்சுமியோட நம்பரை மாத்து” என்று தட்டினால் போதும், மாறிவிடும். எந்த லட்சுமிக்கு என்பதில்தான் வில்லங்கம்.

ஆகவே முதல் வேலை, ஒவ்வொருவருக்கும் மாறாத உறுப்பினர் எண் கொடுப்பது. சங்கத்தில் ஏற்கெனவே எண் இருந்தால் அதுவே போதும். கைபேசி எண்ணை அடையாளமாக வைக்கக் கூடாது. மாறப்போவதே அதுதான், தவிர பல வீடுகளில் மொத்தக் குடும்பத்துக்கும் மகனின் ஒரே நம்பர். பெயரும் உதவாது. இனிஷியல் ஒரு பதிவில் முன்னால் நிற்கும், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் இருக்கவே இருக்காது.

அடுத்து, பட்டியலைப் பிரதி எடுத்துத் தனியே வைத்துவிட்டு, ஏஜென்டுக்குப் படிக்கும் உரிமை மட்டும் உள்ள சாவியைக் கொடுக்க வேண்டும். திருத்தும் உரிமை பிறகு. அழிக்கும் உரிமை எப்போதுமே வேண்டாம்.

மூன்றாவது, ஊர் விவரம். வெளியூர் மென்பொருள்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். புதுச்சேரியைச் சேர்ந்த பாகூரின் அஞ்சல் எண் 607402. தமிழ்நாட்டின் கடலூரும் 607 வரிசையில்தான் வருகிறது. வில்லியனூர் 605110, விழுப்புரமும் 605 வரிசை. அஞ்சல் எண்ணைப் பார்த்து மாநிலத்தை ஊகிக்கும் ஏஜென்ட், பாகூர்க்காரரைச் சத்தமில்லாமல் தமிழ்நாட்டுக்குக் குடியேற்றிவிடும். புதுச்சேரியின் ஊராட்சிப் பிரிவான கொம்யூன் வாரியாக ஊர்ப் பெயர்களை எழுதி, ஆங்கிலத்தில் அவற்றுக்கு வழங்கும் எல்லா எழுத்துக்கூட்டல்களையும் பக்கத்தில் போட்டு, அந்தத் தாளை ஏஜென்டிடம் கொடுத்துவிடுவது நல்லது.

பிறகு கட்டளை. மழுப்பலாக ‘பட்டியலைச் சரிசெய்’ என்று சொல்வது ஆபத்து. இப்படிச் சொல்லலாம்: “உறுப்பினர் எண் ஒத்துப்போனால் மட்டும் கைபேசி எண்ணை மாற்று. வேறு எந்தக் கட்டத்தையும் தொடாதே. எண் ஒத்துப்போகாவிட்டால் புதுப் பதிவு போடாதே; தனியாக எழுதி வை. எதையும் மாற்றும் முன் பழைய மதிப்பு, புதிய மதிப்பு இரண்டையும் காட்டு.”

‘வேறு எந்தக் கட்டத்தையும்’ என்பதற்குக் காரணம் உண்டு. சில கருவிகளில் அனுப்பாத கட்டம் பழையபடியே இருக்கும். வேறு சிலவற்றில் அது காலியாகிவிடும். நம்பரை மட்டும் அனுப்பினால் ஊரும் மாட்டுக் கணக்கும் மறைந்துபோகலாம். கருவியின் விளக்கக் குறிப்பைப் படித்தோ, ஒரு போலிப் பதிவில் சோதித்தோ இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘இருந்தால் திருத்து, இல்லாவிட்டால் சேர்’ என்ற வகைக் கருவியும் வசதியாகத்தான் தெரியும். ஓர் இலக்கம் பிசகினால் ஒரே ஆள் பட்டியலில் இரண்டு பேராகிவிடுவார்.

‘செய்தி வேண்டாம்’ என்று விலகியவர்களின் நிலையை ஏஜென்ட் தொடவே கூடாது. புது நம்பர் வந்ததும் அவரைத் தானாக ‘செயலில்’ என்று மாற்றும் கருவிகள் உண்டு. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். தன் விவரத்தைத் திருத்தச் சொல்லும் உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது.

இவ்வளவும் ஆனபின் திருத்தும் சாவியைக் கொடுத்து, முதலில் பத்துப் பதிவுகளை மட்டும் மாற்றச் சொல்லலாம். அவற்றைப் பிரதியோடு வரிக்கு வரி ஒப்பிட்டுச் சரியென்றால் மீதியை ஓட்டலாம். என்ன மாறியது, எப்போது, யார் சொல்லி என்ற பதிவேடும் கூடவே சேமிக்கப்பட வேண்டும்; தப்பு தெரிந்தால் அந்த வரியை மட்டும் பழையபடி ஆக்க அதுதான் உதவும்.

ஏஜென்ட் தனியாக எழுதி வைத்தவை கொஞ்சம் மிஞ்சும். அவற்றை இன்னொரு கருவியிடம் தள்ளாமல், பெரிய எழுத்தில் அச்சடித்துப் பால் ஊற்றும் இடத்தில் ஒட்டிவிடலாம். காலையும் மாலையும் ஆட்கள் வருகிற இடம். பழைய நம்பரில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தாளில் இருந்தால் போதும். முழு நம்பரைச் சுவரில் ஒட்டக் கூடாது. புது நம்பரைச் செயலாளர் நோட்டில் எழுதிக்கொண்டு, அங்கேயே ஒரு மிஸ்டு கால் கொடுத்துப் பார்த்துவிடலாம்.