பட்டாசு ஆலைக்குள் கேமரா: உரிமையாளர் சம்மதித்தால் போதுமா?

கேள்வி: தீபாவளி விலைப்பட்டியலுக்காக, சிவகாசி அருகே ஒரு பட்டாசு ஆலையில் வேலை நடக்கும்போதே படம் எடுத்துத் தரச் சொல்கிறார்கள். உரிமையாளரின் சம்மதம் போதுமா? விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது?
– ஸ்டுடியோ நடத்தும் வாசகர், விருதுநகர்

பதில்: போதாது. பட்டாசு ஆலை 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்துக்கும் 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளுக்கும் உட்பட்டது. உரிமம் வழங்கும் அலுவலகத்தை வைத்து வட்டாரத்தில் நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டிஆர்ஓ (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ் என்று எதைச் சொன்னாலும், அறைக்கு இவ்வளவு வெடிமருந்து, இத்தனை ஆள் என்ற வரம்பு உண்டு. மருந்து கையாளும் அறையில் பொதுவாக நான்கு பேர். கேமராவோடு நுழைபவர் ஐந்தாவது ஆள். வெளிச்சம் பார்த்து அவர் நிற்கும் இடம் பெரும்பாலும் வாசலாக இருக்கும். தீப்பிடித்தால் மற்ற நால்வரும் ஓடித் தப்ப வேண்டிய வழி அது.

விருதுநகர் மாவட்டத்து விபத்துச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் சொல் உராய்வு. மணி மருந்து எனப்படும் குருணை வடிவ வெடிமருந்தைக் கலக்கும்போதும் பட்டாசுக்குள் செலுத்தும்போதும் ஒரு சிறு உரசல் போதும். அதனால்தான் தொழிலாளர்கள் பருத்தி உடை அணிகிறார்கள். உள்ளே போகுமுன் உலோகத் தகட்டைத் தொட்டு உடலின் மின்னூட்டத்தை இறக்குகிறார்கள். அந்த அறையில் பாலியஸ்டர் சட்டை, தரையில் இழுபடும் இரும்பு முக்காலி, உயர் மின்னழுத்தத்தில் இயங்கும் ஃபிளாஷ், சூடேறும் விளக்கு, செல்போன் ஆகிய ஒவ்வொன்றும் தீப்பொறிக்கு வாய்ப்பு. அலுமினியத் தூள் காற்றில் மிதக்கும் இடத்தில் லென்ஸ் மாற்றுவதுகூடத் தவறு. பதினெட்டு வயது நிரம்பாத உதவியாளரை உரிமம் பெற்ற வளாகத்துக்குள் அழைத்துச் செல்லவே விதிகள் இடம் தருவதில்லை.

வெடிப்போ தீயோ ஏற்படுத்தக்கூடிய விதிமீறலில் ஈடுபடுபவரை, வெடிபொருள் சட்டத்தின் 13-ஆவது பிரிவின்படி, பிடியாணை இல்லாமல் போலீசார் மட்டுமல்ல, ஆலையின் பணியாளரே பிடிக்கலாம். வெடிபொருளிடம் அலட்சியமாக நடந்து பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால், பாரதிய நியாய சம்ஹிதாவின் 288-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. உயிர் போனால் 106-ஆவது பிரிவில் ஐந்தாண்டு வரை. இந்தக் குற்றங்களில் படமெடுப்பவர், அனுமதித்த உரிமையாளர், உடனிருந்த போர்மேன் ஆகியோரில் யார் மீதும் வழக்கு வரலாம்.

இழப்பீட்டைப் பொறுத்தவரை நிலைமை வேறு. ஆலையின் தொழிலாளி அல்லாத ஒருவர் அபாயகரமான பொருளால் இறந்தாலோ காயமடைந்தாலோ, 1991-ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டப்படி உரிமையாளர் நிவாரணம் தர வேண்டும். அவர் தவறு செய்ததாக நிரூபிக்கத் தேவையில்லை. விபத்து நடந்த ஐந்தாண்டுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். 1985-இல் டெல்லியில் நடந்த ஓலியம் வாயுக் கசிவு தொடர்பான எம்.சி. மேத்தா வழக்கில், அபாயகரமான தொழில் நடத்துபவரின் பொறுப்பு முழுமையானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே, “என் சொந்தப் பொறுப்பில் வருகிறேன்” என்று எழுதி வாங்கும் கடிதத்தைக் காட்டி ஆலை எளிதில் தப்ப முடியாது. உதவியாளருக்கு நேரும் காயத்துக்கோ, அவரை வேலைக்கு அமர்த்திய ஸ்டுடியோ உரிமையாளரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

விபத்து நடந்த இடத்தைப் படமெடுக்க ஓடுவது இன்னொரு அபாயம். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டார்கள். முதல் வெடிப்புக்குப் பின் உதவவும் பார்க்கவும் வந்து சேர்ந்த வெளியாட்கள் அவர்களில் பலர். தீயணைப்புத் துறையினர் அனுமதிக்கும் வரை வளாகத்துக்கு வெளியே தொலைவில் நிற்பதே முறை.

விலைப்பட்டியலுக்கு வேண்டியது டப்பாவும் லேபிளும்தான். சிவகாசியில் அச்சான காலி டப்பாக்களை ஸ்டுடியோவுக்கு வாங்கி வந்து எடுத்தால் போதும். அங்கேயும் மருந்துள்ள பட்டாசை விளக்கடியில் அடுக்கவோ, பிரித்துக் காட்டவோ, இருப்பு வைக்கவோ கூடாது. வெடித்துச் சிதறும் காட்சி வேண்டுமானால் திறந்தவெளியில், முக்காலியில் கேமராவை நிறுத்தி, தூரத்திலிருந்து இயக்கி எடுக்கலாம். “மருந்து உள்ள எந்த அறையிலும் படப்பிடிப்பு இல்லை” என்ற வரியை ஒப்பந்தத்தில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகே முன்பணம் வாங்க வேண்டும்.