வீட்டுத் தோட்டத்தில் விருந்தாளிக் கனிகள்

மா, பலா, வாழை என்னும் முக்கனிகளைப் போற்றி வளர்ந்தது நம் தமிழகம். கனி என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள் முதலில் சொல்வதும் இம்மூன்றையே. ஆனால் பள்ளிக்கு வரும் வழியில் நாம் வாங்கித் தின்னும் கொய்யா எந்த நாட்டுப் பழம்? கொல்லைப்புறத்துப் பப்பாளியும், கடற்கரை மணலில் செழிக்கும் முந்திரியும், வேலியோரத்துக் கொடுக்காப்புளியும் எங்கிருந்து வந்தவை? அன்னாசியும் சப்போட்டாவும் யார் வீட்டுச் செல்வங்கள்?

இவை அனைத்துமே அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்டவை என்று தாவரவியல் கூறுகிறது. 1498ஆம் ஆண்டில் வாஸ்கோ டா காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்தபின், போர்த்துக்கீசியர் முதலிய ஐரோப்பியரின் கப்பல்கள் மிளகைக் கொண்டு சென்றன. விதைகளையும் கன்றுகளையும் கொண்டு வந்தன. அன்று விருந்தாளியாக வந்த கொய்யாவை இன்று அயலார் என்று யாரேனும் சொல்வார்களா?

அதுபோலவே இன்றும் பல புதிய கனிகள் நம் வாசலில் வந்து நிற்கின்றன. மங்குஸ்தான், ரம்புத்தான், முள் சீத்தா, முட்டைப்பழம், நட்சத்திரப்பழம், ஜம்பு, மேற்கிந்தியச் செர்ரி என்று நாற்றுப்பண்ணைகளில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். வண்ணப்படத்தைக் கண்டு ஆசைப்பட்டு வாங்கி நடுகிறோம். கார்த்திகை மழையில் தளதளவென்று நிற்கும் கன்று, சித்திரை வெயிலில் இலை கருகி, வைகாசியில் வெறும் குச்சியாகிவிடுகிறது. "நம் மண்ணுக்கு இது வராது" என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் குற்றம் மண்ணினுடையதும் அன்று, மரத்தினுடையதும் அன்று. வாங்குமுன் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளை நாம் கேட்பதில்லை. அவை எவை என்று காண்போம்.

முதற் கேள்வி: உன் பிறந்த ஊர் எது?

வெப்பநாட்டு மரங்கள் என்றாலே எல்லாம் ஒரே வகை என்று எண்ணுதல் தவறு. வெப்பநாடுகளிலும் மழைக்காடு உண்டு. வறண்ட காடும் உண்டு.

மங்குஸ்தான், ரம்புத்தான், துரியன் ஆகியவை தென்கிழக்கு ஆசியாவின் ஈரமான காடுகளைச் சேர்ந்தவை. அங்கே ஆண்டு முழுவதும் காற்றில் ஈரப்பதம் உண்டு. உயர்ந்த மரங்களின் நிழல் உண்டு. மங்குஸ்தானின் வேரில் மற்ற மரங்களைப் போல் நுண்ணிய வேர்த்தூவிகள் செறிந்திருப்பதில்லை. ஆகவே, மண் சில நாள் காய்ந்தாலும் அது துன்புறும். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் நிழலும் வேண்டும். நீலகிரி மலைச்சரிவில் உள்ள கல்லாறு, பர்லியாறு ஆகிய இடங்களிலும், குற்றாலத்திலும், கன்னியாகுமரி மாவட்டத்தின் மலையடிவாரங்களிலும் இம்மரங்கள் காய்ப்பதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? மலையும் மழையும் நிழலும் சேர்ந்த இடங்கள் அவை. அதே மரத்தை மதுரையிலோ, திருச்சியிலோ, இராமநாதபுரத்திலோ திறந்த வெளியில் நட்டால், மீனைக் கரையில் விட்டது போலாகும்.

முட்டைப்பழமோ மெக்சிகோவின் தென்பகுதியையும் மத்திய அமெரிக்காவையும் சேர்ந்தது. மழைக்காலமும் நீண்ட கோடையும் மாறி மாறி வரும் நிலத்துக்குப் பழகியது. மேற்கிந்தியச் செர்ரியும் வெயிலை விரும்பும் செடி. இவை நம் சமவெளிக்குப் பொருந்துகின்றன. ஆகவே கன்றின் படத்தைப் பார்க்குமுன் அதன் ஊரைக் கேட்போம்.

இரண்டாம் கேள்வி: கோடையில் நீர் ஊற்றுபவர் யார்?

சமவெளியில் புதிதாக நட்ட பழக்கன்றுக்குச் சித்திரை, வைகாசி மாதங்களில் அடிக்கடி நீர் வேண்டும். அம்மாதங்களில்தான் கிணறு வற்றுகிறது. குழாயடியில் வரிசை நீள்கிறது. பல வீடுகளில் அந்த நீரைச் சுமந்து வருபவர் அம்மா, இல்லையேல் அக்கா. குடிப்பதற்கே குடங்களை எண்ணிப் பிடிக்கும் வீட்டில், மழைக்காட்டு மரமொன்றை நட்டுவிட்டு அதற்கும் நீர் சுமக்கச் சொல்வது நியாயமாகுமா? மரம் நடுவது நற்செயல்தான். ஆனால் அதன் பாரத்தை மற்றவர் தலையில் ஏற்றினால் அதில் பெருமை இல்லை.

அரிசி, காய்கறி கழுவிய நீரை ஒரு வாளியில் சேர்த்து மாலையில் கன்றுக்கு ஊற்றலாம். சோப்புத்தூள் கலந்த நீர் ஆகாது. கன்றைச் சுற்றிக் காய்ந்த இலைகளையோ தேங்காய் மட்டைகளையோ மூன்று அங்குல உயரம் பரப்புவது மூடாக்கு எனப்படும். தண்டை ஒட்டாமல் நாலு விரற்கடை தள்ளிப் பரப்ப வேண்டும். இதனால் மண்ணின் ஈரம் விரைவில் ஆவியாகாது. ஊற்றும் நீரின் அளவும் குறையும்.

சமவெளிக்கு ஏற்ற நான்கு விருந்தாளிகள்

முட்டைப்பழம்: சப்போட்டாவின் நெருங்கிய உறவினர். உள்ளே மஞ்சள் சதை, அவித்த முட்டைக் கருவைப் போல மாவாக இருக்கும், பெயர்க்காரணம் அதுவே. மரத்திலிருந்து பறித்தவுடன் தின்றால் பிசுபிசுக்கும். சில நாள் வைத்து, விரலால் அழுத்தினால் குழையும் பருவத்தில் உண்ண வேண்டும். பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கடைந்தால் குழந்தைகள் விரும்பிக் குடிப்பர். விதை விரைவில் முளைப்புத்திறனை இழக்கும். எனவே பழத்தைத் தின்ற கையோடு விதைத்துவிட வேண்டும்.

மேற்கிந்தியச் செர்ரி: இது பத்தடிக்குள் அடங்கும் புதர்; பெரிய தொட்டியிலும் வளரும். இளஞ்சிவப்புப் பூ மலர்ந்து, ஏறத்தாழ நான்கு வாரங்களில் பழம் சிவந்துவிடும். 100 கிராம் பழத்தில் 1000 மில்லிகிராமுக்கும் மேல் வைட்டமின் சி உண்டு. ஆரஞ்சில் ஏறத்தாழ 50 மில்லிகிராம்தான். பழம் இரண்டு மூன்று நாள்களில் கெட்டுவிடுவதால் கடைக்கு வருவது அரிது. வீட்டில் வளர்த்தால்தான் உண்ணலாம்!

முள் சீத்தா: மென்மையான முள் போன்ற தோலும் புளிப்பும் இனிப்பும் கலந்த வெண்சதையும் கொண்டது. ஒரு பழம் இரண்டு மூன்று கிலோ எடைகூட வரும். "பூக்கிறது, காய்க்கவில்லை" என்று பலர் குறைப்படுவதுண்டு. காரணம் எளிது. ஒரு பூவின் சூலகமுடி பக்குவமாகும் வேளையில் அதே பூவின் மகரந்தம் வெளிவருவதில்லை, பிந்தியே வெளிவரும். இடையில் உதவ வேண்டியவை சிறு வண்டுகள். அவை இல்லாவிட்டால் நாமே உதவலாம். முழுதும் விரிந்த பூவின் மகரந்தத்தைத் தாளில் தட்டி எடுத்து, ஓவியத் தூரிகையால், பாதி விரிந்த மற்றொரு பூவின் நடுவே காலையில் தடவ வேண்டும். தாவரவியல் பாடத்தில் படித்த அயல் மகரந்தச் சேர்க்கையை நம் கையாலேயே செய்து பார்க்க இதைவிட நல்ல பாடம் உண்டோ?

ஜம்பு: நாவல் மரத்தின் உறவினர். மணி வடிவில், இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ கொத்துக் கொத்தாய்த் தொங்கும். நீர்ச்சத்து மிகுந்தது, ஆதலால் நீரையும் விரும்பும். கிணற்றடி, தொட்டியடி போன்று இயல்பாகவே நீர் சிந்தும் இடத்தில் நட்டால் தனியே ஊற்ற வேண்டியதில்லை.

குழி முதல் கன்று வரை

மூன்றடி நீளம், அகலம், ஆழம் உள்ள குழி தோண்ட வேண்டும். மேல்மண்ணைத் தனியே வைத்து, குழியை இரண்டு வாரம் வெயிலில் காயவிட வேண்டும். பிறகு மேல்மண்ணோடு நன்கு மக்கிய தொழு உரம் இரண்டு கூடையும், வேப்பம் பிண்ணாக்கு ஒரு கிலோவும் கலந்து நிரப்ப வேண்டும். பச்சைச் சாணம் இட்டால் கறையான் வரும். ஒட்டுக்கன்றானால் ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே இருக்கட்டும். பக்கத்தில் குச்சி நட்டுத் தளர்வாகக் கட்ட வேண்டும். முதற் கோடையில் மேற்குப் பக்கம் தென்னங்கீற்று சாத்தினால் பிற்பகல் வெயில் தாக்காது.

வடகிழக்குப் பருவமழை பெறும் பகுதிகளில் ஐப்பசி தொடக்கம் நடுவதற்கு ஏற்றது. நீர் தேங்கும் களிமண் நிலமானால் ஓரடி உயரம் மண்மேடு கட்டி அதன்மேல் நட வேண்டும். மரத்துக்கு மரம் 15 அடியாவது இடைவெளி வேண்டும்.

இளம் இலைகள் வெளிறி, நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறி. மண்ணில் சுண்ணாம்புத் தன்மை மிகும்போது வேரால் இரும்பை எடுக்க இயலாது. நடுமுன் வேளாண்மைத் துறையின் மண் ஆய்வுக்கூடத்தில் மண்ணைச் சோதித்துக்கொள்வது நல்லது. மாவுப்பூச்சி வந்தால், ஒரு லிட்டர் நீருக்கு 30 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். உதிர்ந்த பழங்களை அன்றன்றே பொறுக்கிப் புதைத்துவிட்டால் பழ ஈ பெருகாது.

விதையா, பதியமா?

எல்லா மரத்தையும் விதையால் வளர்க்க நினைப்பது சரியன்று. ரம்புத்தானில் ஆண் மரமும் உண்டு. விதையால் வளர்த்துப் பல ஆண்டுகள் காத்திருந்தபின் அது காய்க்காத ஆண் மரம் என்று தெரிந்தால் என்ன செய்வது? எனவே ஒட்டுக்கன்றே வாங்க வேண்டும். மங்குஸ்தானின் கதை வேறு. அதன் விதை கருவுறாமலே உருவாவதால் கன்று தாயைப் போலவே இருக்கும். ஆனால் விதை காய்ந்தால் முளைக்காது.

பல சீமைப்பலா வகைகளுக்கு விதையே இல்லை. இதனால் ஒரு கப்பற் பயணமே நேர்ந்தது. சீமைப்பலாவை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டு செல்ல, தாஹிட்டித் தீவிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்க்கன்றுகளை ஏற்றிய "பவுண்டி" கப்பலில் 1789இல் மாலுமிகள் கலகம் செய்து, கன்றுகளைக் கடலில் எறிந்தனர். தலைவர் பிளை மீண்டும் முயன்று, 1793இல் கன்றுகளைச் சேர்ப்பித்தார். விதை இருந்திருந்தால் ஒரு பையில் முடிந்திருக்கும் வேலை!

ஜம்புவையும் செர்ரியையும் விண்பதியத்தால் நாமே பெருக்கலாம். மழைக்காலத்தில் பென்சில் பருமனுள்ள கிளையைத் தேர்ந்து, ஓரங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக நீக்க வேண்டும். ஈரமான தேங்காய் நார்க்கழிவை அங்கே பொதிந்து, பாலிதீன் தாளால் இரு புறமும் இறுகக் கட்ட வேண்டும். சில வாரங்களில் வெண்வேர்கள் தாளின் வழியே தெரியும். அதன்பின் வெட்டியெடுத்துத் தொட்டியில் நடலாம்.

எச்சரிக்கையாய் இருப்போம்

நட்சத்திரப்பழம் அழகியது, ஆனால் சிறுநீரக நோயாளிகளுக்கு நஞ்சு. அதில் உள்ள ஆக்சாலிக் அமிலமும் நரம்பைத் தாக்கும் மற்றொரு பொருளும் அவர்கள் உடலிலிருந்து வெளியேறாமல் தங்கி, விக்கல், மயக்கம், வலிப்பு முதலியவற்றை உண்டாக்கும், உயிருக்கும் ஆபத்து. புளிப்பு மிக்க பிலிம்பிக்காயின் சாற்றை மருந்தென்று எண்ணி வெறும் வயிற்றில் மிகுதியாகக் குடிப்பதும் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சீத்தா வகைகளின் விதைகளை அரைத்துப் பேனுக்காகத் தலையில் தேய்க்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிப் பார்வை மங்கும். நீண்ட கூந்தலுடைய நாம் இதை மறக்கலாகாது. முள் சீத்தா புற்றுநோயைத் தீர்க்கும் என்று பரவிவரும் பேச்சுக்கும் மனிதரிடம் நிலைநாட்டப்பட்ட சான்று இல்லை. அதை நம்பி மருத்துவத்தைக் கைவிடுவது பெருந்தீங்கு. பழத்தை எப்போதாவது பழமாக உண்போம். அதன் இலைக் கஷாயத்தை நாள்தோறும் குடிப்பதைத் தவிர்ப்போம்.

முடிவாக

அன்புத் தோழியரே! விருந்தாளி வந்தால் அவருக்கு என்ன பிடிக்கும், என்ன ஆகாது என்று கேட்டறிந்து உபசரிப்பது நம் வீட்டுப் பண்பு. அயல்நாட்டு மரத்துக்கும் அப்பண்பையே காட்டுவோம். அதன் ஊரைக் கேட்போம். நம் நீரை அளப்போம். இரண்டும் பொருந்தினால் நடுவோம். பொருந்தாவிட்டால் ஆசையை அடக்கி, நம் மண்ணில் தழைக்கும் ஒரு நாவலையோ நெல்லியையோ நடுவோம், அதனால் குறைவொன்றுமில்லை.

எட்டாம் வகுப்பில் நடும் முட்டைப்பழ விதை, நாம் பள்ளியை விட்டுச் செல்லும் காலத்தில்தான் முதற்காய் காட்டும். அன்று அதைப் பறிப்பவர் நம் தங்கையாக இருக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். இருக்கட்டுமே! நாம் இன்று தின்னும் கொய்யாவின் முதல் விதையை இம்மண்ணில் ஊன்றியவர் யாரென்று நமக்குத் தெரியாது. அவர் நம்மை அறிந்ததும் இல்லை. பெற்றோரின் துணையோடும் அருட்சகோதரியரின் வழிகாட்டுதலோடும் வீட்டுக்கொரு மரம் அறிந்து நடுவோம். நட்டதை நாமே நீரூற்றிக் காப்போம்!