முட்டைப் பெட்டிக்கு ஈதர் வில்லை போதுமா?

அம்மையார்குப்பத்தில் தறியோடு நாட்டுக்கோழியும் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “தெர்மாகோல் பெட்டியில் பல்ப் போட்டுக் குஞ்சு பொரிக்கிறேன். கரண்ட் ஏறி இறங்குவதில் டிஜிட்டல் கன்ட்ரோலர் அடிக்கடி போய்விடுகிறது. பழைய காலத்து ஈதர் வில்லையைப் போட்டால் தாங்குமா?”

தாங்கும். ஆனால் அந்த வில்லைக்குத் தெரிந்தது ஒரே வேலைதான்: சூடு போதும் என்றால் நிறுத்தும். குளிர்விக்கத் தெரியாது. திருத்தணிப் பக்கத்து வெயிலில் இதை மறந்தால் முட்டை அவிந்துவிடும்.

இந்தக் குறை பிறவியிலேயே வந்தது. 1633இல் இறந்த டச்சுக்காரர் கார்னீலிஸ் ட்ரெபெல் செய்த அடைப்பெட்டியில், சூட்டில் விரியும் சாராயம் பாதரசத்தைத் தள்ளும். பாதரசம் அடுப்பின் காற்றுவழியை அடைக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் பொன்மேன் ஈயக் குழாய்க்குள் இரும்புக் கம்பியைச் செருகினார். ஈயம் இரும்பைவிட அதிகம் நீளும். அந்த வித்தியாசமே அடுப்புக் கதவை அசைத்தது. 1881இல் இங்கிலாந்தின் ஹியர்சன் செய்ததுதான் நீங்கள் கேட்கும் வில்லைக்கு மூதாதை. இரண்டு மெல்லிய பித்தளைத் தகடுகளை விளிம்பில் பற்றவைத்து, உள்ளே சில சொட்டு ஈதர் கலவை. குறிப்பிட்ட சூடு வந்ததும் அது கொதித்து ஆவியாகும், வில்லை உப்பும், நெம்புகோல் விளக்கின் புகைபோக்கி மூடியைத் தூக்கும், அனல் வெளியே போய்விடும். கரண்டே இல்லாமல் நடந்த வேலை! இன்றைய வில்லை மூடிக்குப் பதில் மைக்ரோ சுவிட்சைத் தட்டுகிறது, அவ்வளவுதான்.

மூன்று பேரும் குளிர்நாட்டுக்காரர்கள். அறை எப்போதும் பெட்டியைவிடக் குளிர்ந்திருக்கும் என்று நம்பலாம். உங்கள் ஊரில் அக்னி நட்சத்திரத்தின்போது பிற்பகலில் வெளிவெயிலே 40 டிகிரியைத் தாண்டும். வில்லை பல்பை அணைத்துவிட்டுச் சும்மா இருக்கும். பெட்டி சூடாகிக்கொண்டே போகும். ஆகவே சிமெண்ட் ஷீட் போட்ட தறிக்கூடத்தில் பெட்டியை வைக்காதீர்கள். தடித்த சுவருள்ள, ஓடு வேய்ந்த உள்ளறை நல்லது. அறையே 36 டிகிரிக்கு மேல் போகும் சித்திரை, வைகாசியில் முட்டை வைக்காமல் விடுவதே என் யோசனை. ஆடிக்குப் பிறகு தொடங்குங்கள்.

தறிக்கூடம் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம், நூல் தூசு. சுவிட்சின் முனையில் அது படிந்தால் தொடர்பு கெடும். கரண்ட் நின்றால் என்ன செய்வது என்று பயந்து மண்ணெண்ணெய் விளக்குக்கும் போகாதீர்கள். நூல் இருக்கும் வீட்டில் அது நெருப்புக்கு அழைப்பு. சில மணி நேரக் குளிர்ச்சியை முட்டை பொறுத்துக்கொள்ளும். அதிகச் சூட்டைத்தான் பொறுக்காது.

இதனால் இரண்டு வில்லை வாங்குங்கள். சுவிட்சின் முனை பொறி பறந்து ஒட்டிக்கொண்டால் பல்ப் அணையவே அணையாது. இரண்டாவது சுவிட்சையும் அதே ஒயரில் தொடராக இணைத்து, அதன் வில்லையை அரை டிகிரி அதிகமாகத் திருகி வையுங்கள். முதலாவது ஏமாற்றினாலும் இரண்டாவது வெட்டும்.

பல்ப் பெரிதாக இருக்கக் கூடாது. மார்கழி விடியற்காலையில் பெரும்பாலும் எரிந்துகொண்டே இருக்கிற அளவு வாட் போதும். பெரிய பல்ப் சட்டென்று சூடேற்றி, அணைந்த பிறகும் அளவைத் தாண்டவைக்கும். மூடிய தண்ணீர் பாட்டில் இரண்டை உள்ளே கிடத்துங்கள்; ஹியர்சன் பெட்டியிலும் தண்ணீர்த் தொட்டி இருந்தது, ஏற்ற இறக்கத்தை அதுதான் மட்டுப்படுத்தியது.

ஃபேன் உள்ள பெட்டிக்கு 37.5 டிகிரி. ஃபேன் இல்லையென்றால் முட்டையின் மேல்மட்டத்தில் 38.3க்கும் 38.8க்கும் இடையே இருக்கட்டும். வெப்பமானியை நம்பும் முன், வெதுவெதுப்பான தண்ணீரில் அதையும் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரையும் சேர்த்து வைத்து ஒப்பிடுங்கள்.

ஈதர் கொதிக்கும் சூடு காற்றழுத்தத்தைப் பொறுத்தது. ஐப்பசி, கார்த்திகைப் புயல் நேரத்தில் அழுத்தம் 10 மில்லிபார் இறங்கினால் வில்லை ஏறக்குறைய 0.3 டிகிரி முன்னதாகவே வெட்டும். அன்றைக்குத் திருகைக் கொஞ்சம் மாற்ற வேண்டிவரும். டிஜிட்டல் கருவிக்கு இந்தத் தொல்லை கிடையாது, ஒப்புக்கொள்கிறேன்.

வாங்கும்போது கடையிலேயே வில்லையைச் சுமார் 45 டிகிரி தண்ணீரில் முக்கிப் பாருங்கள். உப்பவில்லை என்றால் பற்றவைப்பு கசிந்து ஈதர் போய்விட்டது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.